பி.காம். மட்டுமே படித்தவர் செயற்கை நுண்ணறிவைக் கற்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றில் கணக்கு எழுதுவதாகவும், பி.காம். தவிர வேறு படிப்பு இல்லை என்றும், தங்கை கல்லூரியில் இளங்கலை படிப்பதாகவும் குறிப்பிட்டு, கணினித் துறையைச் சேராத உங்கள் இருவருக்கும் செயற்கை நுண்ணறிவு கைவருமா, வருமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பி.காம். தான். வேலூரிலிருந்து நாள்தோறும் இராணிப்பேட்டைக்குப் பேருந்தில் போய், தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். கைவரும் என்பதை என் அனுபவத்திலிருந்தே உறுதியாகச் சொல்ல முடியும். எங்கிருந்து தொடங்குவது என்பதற்கும் என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது: விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள்.

நான் அப்படித் தொடங்கவில்லை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளியாகி, அடுத்த சில மாதங்களில் எல்லோரும் அதைப் பற்றியே பேசத் தொடங்கியபோது, வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் வார இறுதிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய்வந்த பிறகு என் கையில் இருந்தது, அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய பிராம்ப்டுகள் (செயலிக்குக் கொடுக்கும் கட்டளைகள்) அடங்கிய அச்சுப் புத்தகம் ஒன்றும் ஒரு சான்றிதழும் மட்டுமே. அந்தப் பிராம்ப்டுகள் எல்லாம் விளம்பர வாசகம் எழுதவும் சமூக ஊடகப் பதிவு தயாரிக்கவும் உதவுபவை. இயந்திரம் தரும் விடை சரிதானா என்று எப்படிப் பார்ப்பது என்பதை அந்த வகுப்பில் ஒருவரும் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. கட்டிய பணத்தைவிட, கற்றுவிட்டோம் என்ற நினைப்பில் போன ஆறு மாதங்களே எனக்குப் பெரிய இழப்பு.

உண்மையான பாடம் அலுவலகத்திலுள்ள ஒரு பழைய கோப்பிலிருந்து கிடைத்தது. எங்கள் வேலையில் எல்.சி. எனப்படும் வங்கிக் கடன் உறுதிக் கடிதம்தான், அதாவது கேட்ட ஆவணங்களைச் சரியாகச் சேர்த்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிதான், எல்லாவற்றுக்கும் ஆதாரம். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு. கடைசி ஏற்றுமதி நாள் 44சி-யில் வரும், தேவையான ஆவணங்கள் 46ஏ-யில் வரும், கூடுதல் நிபந்தனைகள் 47ஏ-யில் வரும், சரக்கு ஏறிய பிறகு எத்தனை நாட்களுக்குள் ஆவணங்களை வங்கியில் சேர்க்க வேண்டும் என்பது 48-இல் வரும். பணம் வந்து கணக்கும் முடிந்துவிட்ட ஓர் எல்.சி.யை எடுத்து, வாங்குபவரின் பெயர், வங்கியின் பெயர், விலை ஆகியவற்றை நீக்கிவிட்டு, அதைச் செயலியிடம் கொடுத்து, சரக்கு மார்ச் 12 அன்று கப்பலேறினால் ஆவணங்களைச் சேர்க்க வேண்டிய கடைசி நாள் எது என்று கேட்டேன். ஏப்ரல் 2 என்று, காரணத்தோடு, மிகத் தெளிவாகப் பதில் வந்தது. ஆனால் சரியான விடை மார்ச் 27.

அந்த ஆறு நாள் வேறுபாட்டைப் பற்றி நான் நீண்ட நேரம் யோசித்தேன். எல்.சி.க்கான பன்னாட்டு விதிகளில், அதாவது 2007 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600-இல், கடிதத்தில் நாள் குறிப்பிடப்படாவிட்டால் 21 நாட்கள் என்று இருக்கிறது. நான் கொடுத்த கடிதத்தின் 48-ஆம் புலத்திலோ 15 நாட்கள் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. உலகத்தில் இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலும் காணப்படும் எண் 21 என்பதால், கண்ணெதிரே இருந்த 15-ஐ விட்டுவிட்டு, அதிகம் பழகிய எண்ணை இயந்திரம் சொல்லியிருக்கிறது. இத்தகைய செயலிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதைக் கணக்கிட்டு எழுதுபவை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. பழைய கோப்பாக இல்லாமல் அது நடப்புச் சரக்காக இருந்திருந்தால், ஏப்ரல் 2 வரை அவகாசம் இருக்கிறது என்று நம்பி ஆவணங்களைத் தாமதப்படுத்தியிருப்போம். வங்கி அதை டிஸ்கிரிபன்சி, அதாவது எல்.சி.யோடு பொருந்தாத குறை, என்று எழுதி, பணத்தை நிறுத்தி வைத்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில், செயலி செய்த பிழை ஒவ்வொன்றையும் தேதியிட்டு எழுதி வருகிறேன். பக்கத்தின் இடப்புறம் நான் கேட்ட கேள்வி, வலப்புறம் அது தவறிய இடம், கீழே கேள்வியை எப்படி மாற்றியதும் சரியானது என்ற குறிப்பு. எல்.சி. விஷயத்தில், முதலில் எந்தக் கணக்கும் போடாமல் ஒவ்வொரு புலத்தையும் அதன் எண்ணோடு உள்ளபடியே எடுத்து எழுது, அதன் பிறகு அந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு நாளைக் கணக்கிடு என்று இரண்டு படியாகக் கேட்டபோது மார்ச் 27 என்று வந்தது. மற்றொரு பக்கத்தில், முழுவதும் பூச்சு முடிந்த ஆட்டுத் தோலுக்கு 4113-க்குப் பதிலாக 4106 என்ற சுங்கக் குறியீட்டை அது கொடுத்தது பதிவாகியிருக்கிறது. பதனிட்டு உலர்த்திய கிரஸ்ட் நிலையோடு நின்றுவிட்ட தோலுக்கு உரியது 4106, அதற்கு மேலும் பக்குவப்படுத்திய தோலுக்கு உரியது 4113. எங்கள் பிரிவில் புதிதாகச் சேருபவர்களும் இதே இடத்தில்தான் தவறுவார்கள். நான் என்ன நிலைத் தோல் என்பதைச் சொல்லாமல் கேட்டதே அந்தப் பிழைக்குக் காரணம். அன்று முதல், புதிதாகச் சேர்ந்த ஓர் உதவியாளரிடம் வேலையை ஒப்படைக்கும்போது என்னென்ன சொல்வேனோ அத்தனையும் எழுதிக் கேட்கப் பழகினேன்.

செயற்கை நுண்ணறிவுத் திறன் என்று எல்லோரும் சொல்வதில் பெரும்பகுதி இதுவே என்பது என் கருத்து. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துக் கொடுப்பது, தேவையான பின்னணியைச் சொல்வது, வந்ததை மூலத்தோடு ஒப்பிடுவது ஆகிய மூன்றுக்கும் உங்கள் தொழிலறிவுதான் முதல். பத்து ஆண்டுகள் கணக்கு எழுதிய ஒருவருக்கு ஒரு தொகையைப் பார்த்ததும் எங்கோ இடிக்கிறது என்று தோன்றுமே, அந்த உணர்வு கணினி மட்டும் படித்தவருக்கு வராது. ஆகவே உங்கள் பி.காம். பட்டத்தைக் குறையாக எண்ணாதீர்கள்.

வேறு துறைகளிலும் இதே வழி பயன்படுகிறது. வேலூர் பாபு ராவ் தெருவில் விடுதி ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் என் நண்பருக்கு, கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் வங்காள மக்களே வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி. வாடகை, சமையல் அனுமதி, அறையைக் காலி செய்யும் நேரம் ஆகியவற்றை அவர் செயலியைக் கொண்டு வங்காளத்தில் மொழிபெயர்த்து அறைகளில் ஒட்டியிருக்கிறார். ஒட்டுவதற்கு முன், அந்த வங்காளத்தைத் தனியாக இன்னொரு முறை தமிழுக்கு மாற்றச் சொல்லிப் பார்த்தார். அதன் பின் தங்கியிருந்த ஒரு முதியவரிடம் படித்துக் காட்டி, அவர் சொன்ன இரண்டு திருத்தங்களைச் சேர்த்தார். மருந்துச் சீட்டை மட்டும் யார் கேட்டாலும் அவர் மொழிபெயர்த்துத் தருவதில்லை. மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிடுவார். அளவு தவறினால் திருத்த முடியாத விஷயம் அது என்பதால், அவர் செய்வது முற்றிலும் சரி.

உங்கள் தங்கையைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். மாணவர்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் அவர்களிடம் விடை தெரிந்த வேலை இன்னும் சேரவில்லை. அதைச் சேர்க்க வேண்டிய வயதிலேயே எழுதும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், பிற்காலத்தில் எதைக் கொண்டு சரிபார்ப்பார்கள்? என் அக்கா மகள் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு நான் சொன்ன ஒரே விதி, முதலில் புத்தகத்தை மூடிவிட்டுத் தானாக விடையை எழுத வேண்டும், பிறகு அந்த விடையைச் செயலியிடம் கொடுத்து, இதிலிருந்து என்னிடம் ஐந்து கேள்விகள் கேள், விடையை நீ சொல்லாதே என்று கட்டளையிட வேண்டும் என்பதாகும். குரோம் பதனிடுதல் பற்றி அவள் எழுதியபோது, தோலைப் பதனிடப் பயன்படுவது மூவிணைதிற குரோமியமா, அறுவிணைதிற குரோமியமா என்று அது கேட்டது. அவள் விழித்தாள். பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியச் சல்பேட் என்பதும், நச்சுத்தன்மை மிகுந்த அறுவிணைதிற வடிவம் பின்னர் ஆக்சிஜனேற்றத்தால் உருவாகக்கூடும் என்பதும், மனித உடலில் படும் தோற்பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் வரம்பு வைத்திருப்பதும் அன்று மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிய பேச்சில் வந்தவை. பாலாற்றங்கரையில் பிறந்த பெண் குரோமியத்தின் இரு வடிவங்களைப் பிரித்தறியாமல் பட்டம் வாங்கக் கூடாது என்பது என் ஆசை. அந்த ஒரு கேள்விக்காகவே அந்தச் செயலிக்கு நன்றி சொன்னேன்.

தமிழில் கேட்கலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தாராளமாகக் கேட்கலாம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். 'வேலூர்' என்று எழுதினால் மெய், உயிர்க்குறி, புள்ளி என்று ஆறு குறிகள், ஆகவே பதினெட்டு பைட். அதே ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, ஏழு பைட். செயலிகள் உரையைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன; தமிழ் கூடுதல் துண்டுகளாக வெட்டுப்படுவதால் நீண்ட தமிழ்க் கோப்புகளில், செயலி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவு விரைவில் தீர்ந்துவிடும். புதிய செயலிகளில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றாலும், நீண்ட ஆவணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுப்பதே நல்லது.

முறையாகப் படிக்கவும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம், சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. 2025-இல் சுவயம் பிளஸ் தளத்தில் அறிவித்த இலவசப் பாடங்களில் கணக்கியலுக்கென்று ஒன்றும் வேதியியலுக்கென்று ஒன்றும் தனியாக இருக்கின்றன. உங்களுக்கு முதலாவது பொருந்தும். ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 2018 முதல் பொதுமக்களுக்காக நடத்தும் இலவச அடிப்படைப் பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் எளிய நடையில் இருக்கிறது. உங்கள் தங்கை தமிழ்நாட்டில் படிப்பதால், தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் தம் கல்லூரியில் என்ன பாடம் உண்டு என்று கேட்டுக்கொள்ளட்டும்.

நிரலெழுதக் கற்க வேண்டுமா என்றால், முதல் ஆறு மாதங்களுக்கு வேண்டாம் என்பேன். அதன் பிறகு பைத்தான் என்ற நிரல் மொழி சிறிது தெரிந்தால் பெரும் உதவி. அறுபத்து நான்கு தோல் கட்டுகளின் சதுர அடியைச் சதுர மீட்டராக மாற்றும் சிறிய நிரல் ஒன்றைச் செயலியே எனக்கு எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு கட்டையும் மாற்றி இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிய பின் கூட்டியதால், பேக்கிங் லிஸ்டின் (கட்டுவாரியான சரக்குப் பட்டியலின்) கூட்டுத்தொகைக்கும் இன்வாய்ஸின் கூட்டுத்தொகைக்கும் 0.03 சதுர மீட்டர் வேறுபாடு வந்தது. நிரலில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால்தான் கண்டுபிடித்தேன்.

இனி உங்கள் முதல் பயிற்சி. சென்ற ஆண்டில் நீங்கள் ஏற்கெனவே சரிபார்த்து முடித்த ஒரு மாதத்தின் கொள்முதல் பதிவேட்டையும் அதே மாதத்து ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலையும் (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து ஜி.எஸ்.டி. தளம் தொகுத்துத் தருவது) எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் முன் உங்கள் முதலாளியிடம் அனுமதி கேளுங்கள். வியாபாரிகளின் பெயர்களையும் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண்களையும் நீக்கி அ, ஆ, இ என்று மாற்றிவிடுங்கள், ஏனென்றால் கடையின் விவரம் உங்களுடைய சொத்து அல்ல. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, எந்தப் பில்கள் பொருந்தவில்லை என்று கேளுங்கள். பதிவேட்டில் 0047 என்று இருக்கும் பில் எண் பட்டியலில் 47 என்று இருந்தால் அதை வேறு பில் என்று அது காட்டக்கூடும். நெசவாளருக்குத் திருப்பி அனுப்பிய சரக்குக்காக அவர் தந்த கிரெடிட் நோட்டை (தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் சீட்டை)ப் புதுக் கொள்முதலாக எண்ணிக் கூட்டிவிடவும் கூடும். உங்கள் பழைய விடைத்தாளோடு வரி வரியாக ஒத்துப் பார்த்து, அது தவறிய இடங்களை நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதக் கணக்குகளை இப்படிப் பார்த்து முடித்த பின், நோட்டில் உள்ளதை இங்கே எழுதினால், அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சேர்ந்து பார்ப்போம்.