பாப் டோலின் பேனா

அன்புள்ள ஐயா,
அமெரிக்க செனட்டராக இருந்த பாப் டோல் வலது கையில் எப்போதும் ஒரு பேனாவைப் பிடித்திருப்பாராம். போர்க்காயத்தைக் காட்டி ஓட்டு வாங்கும் உத்திதானே இது? ராணுவ அதிகாரிகள் அரசியலுக்கு வருவது நல்லதா?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ராணுவத்திலிருந்து வரலாமா என்பது ஆளைப் பொறுத்தது, அதை விடுங்கள். அந்தப் பேனாவைப் பற்றி இப்படி எழுத எப்படி மனம் வந்தது?

1945 ஏப்ரல் 14, இத்தாலி மலையில் அடிபட்டபோது அவர் 21 வயது லெப்டினன்ட். வலது தோள் நொறுங்கியது, மூன்று வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி, அந்தக் கை கடைசிவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவில் ஓட்டுக் கேட்பது என்றாலே கை குலுக்குவதுதான். வருகிறவர்கள் எல்லாம் வலது கையைப் பிடித்துக் குலுக்கினால் என்ன ஆகும்? பேனா இருந்தால் பிடிக்க மாட்டார்கள், விரல்களும் விரிந்து கிடக்காது. பிரச்சாரத்தில் காயத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை என்று சொல்லவில்லை, பேசியிருக்கிறார். ஆனால் பேனா மறைப்பதற்கு, காட்டுவதற்கு அல்ல.

என் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்தது. யாராவது வீட்டுக்கு வந்தால் மேல்துண்டை இழுத்து அந்தக் கைமேல் போட்டுக்கொள்வார். அறுபது வயதில் இரட்டைக்கோடு நோட்டு வாங்கிவரச் சொல்லி இடது கையால் 'அ' போட்டுப் பழகினார். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கழற்றுவதற்கு அம்மா வரவேண்டும், அதைக் கேட்க அன்றைக்கு அவருக்கு மனமில்லை.

டோலும் இடது கையால் எழுதப் பழகித்தான் சட்டம் படித்தார், கான்சாஸ் சட்டமன்றம் போனார், 1961ல் பிரதிநிதிகள் சபை, 1969ல் செனட். 1996 அதிபர் தேர்தலில் கிளிண்டனிடம் தோற்றது, கூர்மையான நாக்கால் கெடுத்துக்கொண்டது எல்லாம் தெரிந்த கதை. செனட்டில் அவருடைய முதல் உரை மாற்றுத்திறனாளிகளைப் பற்றியது. நாள் 1969 ஏப்ரல் 14. தேதியைப் பாருங்கள் தம்பி! 1990ல் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் வந்தபோது செனட்டில் அதற்காக நின்றவர்களில் அவரும் ஒருவர். கையெழுத்திட்டவர் அன்றைய அதிபர் மூத்த புஷ். 1988ல் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் டோலைத் தோற்கடித்த அதே புஷ்.

2018ல் புஷ்ஷின் உடலைப் பார்க்க டோல் சக்கர நாற்காலியில் வந்தார். அப்போது வயது 95. உதவியாளர் தூக்கி நிறுத்த, சவப்பெட்டிக்கு சல்யூட் வைத்தார், இடது கையால். காணொளி இருக்கிறது, பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.