கரு முதல் தரம் என்றார்கள், ஏன் தங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 38. ஐ.வி.எஃப். சிகிச்சையில், ஃப்ரீஸ் செய்திருந்த ஐந்தாம் நாள் கருக்கள் இரண்டை வைத்தார்கள். 'கரு முதல் தரம், கர்ப்பப்பையின் உள்சவ்வும் 9 மி.மீ. இருக்கிறது' என்றார்கள். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ். கரு வைத்த மூன்றாம் நாளே மாடிப்படி ஏறியதுதான் காரணம் என்கிறார் மாமியார். தவறு என்னுடையதா?
- வாசகி, திருப்பூர்

பதில்: நிச்சயமாக இல்லை. கர்ப்பப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். இடையில் வைத்த கரு, படி ஏறினாலும் இருமினாலும் நழுவாது. படுத்தே கிடப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று ஆய்வுகளும் சொல்லிவிட்டன. இந்தப் பதிலை மாமியாரையும் படிக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் காரணம் கருவுக்குள்ளேயே இருக்கும். 'முதல் தரம்' என்பது மைக்ரோஸ்கோப்பில் தெரியும் தோற்றத்துக்குப் போடும் மதிப்பெண். உள்ளே மரபணுக்களைச் சுமக்கும் 46 குரோமோசோம்களும் சரியாக உள்ளனவா என்பது அதில் தெரியாது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கரு பெரும்பாலும் பதியாது. பதிந்தாலும் சீக்கிரம் கலைந்துவிடும். கருமுட்டைக்கு வயது ஏற ஏற இந்தக் கோளாறு அதிகமாகும். 40 வயதில் பாதிக்கு மேற்பட்ட கருக்கள் இப்படித்தான். கருவிலிருந்து சில செல்களை எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் அந்தச் சோதனை நல்ல கருவைத் தேர்ந்தெடுக்க உதவுமே தவிர, கெட்டதை நல்லதாக்காது. கையில் ஒன்றிரண்டு கருக்களே இருந்தால் அதற்காகச் செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

அடுத்த முறைக்கு முன் கருக்குழாய்களைக் கட்டாயம் பாருங்கள். குழாயில் நீர் கோத்திருந்தால் அது கர்ப்பப்பைக்குள் கசிந்து, வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) அந்தக் குழாயை அகற்றியோ அடைத்தோ விட்டுத்தான் கருவை வைக்க வேண்டும். நம் நாட்டில் இதற்குக் கருக்குழாயைத் தாக்கும் காசநோயும் ஒரு காரணம். இருமலே இல்லாதவர்களுக்கும் அது வரும். கர்ப்பப்பைக்குள் துருத்தும் கட்டி, பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இருந்தால் ஹிஸ்டரோஸ்கோப்பியில் (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) தெரிந்துவிடும்.

உள்சவ்வைக் கருவுக்குத் தயார்செய்யும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தைத் தொடங்கிய நாளையும் நேரத்தையும் சரிபாருங்கள். ஐந்தாம் நாள் கருவுக்கு முழுதாக ஐந்து நாள் அந்த மருந்து போயிருக்க வேண்டும். முன்பின்னானால், 9 மி.மீ. இருந்தாலும் உள்சவ்வு கருவை ஏற்கும் பக்குவத்தில் இருக்காது.

புதிதாக முட்டை எடுப்பதானால் உங்கள் கணவர் புகைபிடிப்பவராக இருந்தால் அதை மூன்று மாதம் முன்பே விடவேண்டும். விந்தணு உருவாகி முதிர அவ்வளவு காலம் ஆகும். உள்சவ்வைச் சுரண்டுவது, இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவது போன்றவற்றுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதற்குப் பணம் கட்டாதீர்கள். அதைவிட, எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை முதிர்ந்திருந்தன, எத்தனை கருவாயின என்ற லேப் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.