பந்து எங்கே விழுந்தது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடைசி இரண்டு கட்டுரைகளையும் ஒரே இரவில் வாசித்தேன். முதலாவதில், அமெரிக்காவில் யாருமே தன் கட்சியின் தவறைப் பார்ப்பதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். இரண்டாவதில், மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணி தோற்றதற்காக ஒரு நாள் முழுக்க வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்ததைக் கிட்டத்தட்ட பெருமையாகவே சொல்கிறீர்கள். நீங்கள் அங்கே படித்தவர்கூட இல்லை. ஐம்பது வயதுக்கு மேல், இருபது வயதுப் பையன்களின் ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு? நாடு இருக்கும் நிலையில் இது தப்பித்தல் இல்லையா? நம்மூரில் ரசிகர் மன்றம் கட்சியானது. உங்கள் ஊரில் கட்சி ரசிகர் மன்றமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. கோபத்தில் எழுதவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்
ச., பொள்ளாச்சி

அன்புள்ள ச.,

கோபமாகவே எழுதியிருக்கலாம், தப்பில்லை. என் மனைவி பதினெட்டு வருடமாக இதே கேள்வியை இதைவிடச் சுருக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் அங்கே படிக்கவில்லை என்பது உண்மை. நியூ ஜெர்சியில் சில வருடம் இருந்துவிட்டு, 2006இல் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்குப் பக்கத்தில் வேலை கிடைத்து வந்தேன். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் எல்லோரும் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் காபியோடு நின்று தலையாட்டுவேன். அந்த செப்டம்பரில் யாரோ மீந்துபோன ஒரு டிக்கெட்டைக் கொடுத்தார்கள். ஸ்டேடியம் 1927இல் கட்டியது. இன்று அதிகாரபூர்வக் கணக்கில் 1,07,601 பேர் உட்காரலாம். ஆனால் அப்போது வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. வாசல் வழியாக உள்ளே போய் எட்டிப் பார்த்தால், தண்ணீர் வற்றிய தெப்பக்குளத்தின் படிக்கட்டு முழுக்க மஞ்சளும் நீலமுமாக ஜனம். அன்றைக்கு ஆட்டத்தில் ஒன்றும் புரியவில்லை. திரும்பி வரும்போது ஒரு மஞ்சள் சட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வருடம் மிச்சிகன் முதல் பதினோரு ஆட்டத்தையும் ஜெயித்தது. லீக்கின் கடைசி ஆட்டம் பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகமான ஓஹாயோ ஸ்டேட்டோடு. முந்தின நாள் பழைய கோச் போ ஷெம்பெக்லர் இறந்துபோனார். மறுநாள் 42–39 என்று தோற்றோம். "தோற்றோம்" என்று என் வாயில் வந்த முதல் நாள் அது.

(ஓஹாயோவோடு பகை ஃபுட்பாலைவிடப் பழையது. 1835இல் டொலிடோ என்ற ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் படை திரட்டி எல்லையில் நிறுத்தின. யாரும் சாகவில்லை. ஊர் ஓஹாயோவுக்குப் போனது. அணிகள் முதலில் மோதியது 1897இல்தான்.)

தப்பித்தலா என்று கேட்டீர்கள். அரசியலிலிருந்து தப்பித்து ஓட இதைவிட மோசமான இடம் கிடைக்காது. 1934இல் ஜார்ஜியா டெக் அணி, எதிரணியில் கறுப்பின வீரர் இறங்கினால் விளையாட மாட்டோம் என்றது. மிச்சிகன் பணிந்துபோய் வில்லிஸ் வார்டை உட்கார வைத்தது. வார்டின் நண்பர் ஒருவர் அணியை விட்டே போகிறேன் என்று நின்றார். வார்டே சமாதானம் சொல்லி அவரை ஆட வைத்தார். அந்தப் பருவத்தில் மிச்சிகன் ஜெயித்த ஒரே ஆட்டம் அது. அந்த நண்பர் பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு. 1999இல், பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கையில் இனத்தையும் கருத்தில் கொள்ளும் முறையை ஆதரித்துப் பத்திரிகையில் எழுதியபோது, அறுபத்தைந்து வருடம் கழித்தும் வார்டின் கதையைத்தான் சொன்னார். குடியரசுக் கட்சிக்காரர்!

2020 ஆகஸ்டில் கொரோனாவால் எங்கள் லீக் பருவத்தைத் தள்ளிவைத்தது. தேர்தல் நேரம். ஜனாதிபதியே லீக் தலைவருக்குப் போன் போட்டார். செப்டம்பரில் முடிவு மாறியது. 2024இல், ஓஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் 13–10 என்று ஜெயித்த எங்கள் பையன்கள் மைதானத்தின் நடுவில் கொடி நடப்போய், கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்கும் அளவுக்குப் போனது. அப்படிக் கொடி நடுவதைப் பெருங்குற்றமாக்க வேண்டும் என்று ஓஹாயோ சட்டமன்றத்தில் ஒருவர் மசோதா கொண்டுவந்தார். எங்கிருந்து எங்கே தப்பிப்பது, சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் உண்மையில் தைத்தது வேறு. இரண்டு கட்டுரையையும் அடுத்தடுத்து வைத்துப் படித்திருக்கிறீர்கள். எழுதிய நான் அப்படிப் படிக்கவில்லை.

2016 நவம்பர் 26. மறுபடி ஓஹாயோ ஸ்டேட். ஆட்டம் சமனில் முடிந்து, கூடுதல் நேரமும் சமனாகி, இரண்டாவது கூடுதல் நேரம். இந்த ஆட்டத்தில் பத்து கெஜம் நகர நான்கு வாய்ப்பு. அது அவர்களுக்கு நான்காவது வாய்ப்பு, பாக்கி ஒரு கெஜம். தாண்டாவிட்டால் ஜெயிப்பது நாங்கள். அவர்கள் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் வீரன், ஓடி, முட்டி, விழுந்தான். பந்தின் மூக்கு கோட்டைத் தொட்டதா இல்லையா? தொட்டது என்றார் நடுவர். ரீப்ளே பார்த்தும் அதையே சொன்னார்கள். அடுத்த ஓட்டத்தில் பந்தை எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோய் அவர்கள் டச் டவுன். 30–27. அந்தக் காட்சியை இருநூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் பந்து கோட்டுக்கு முன்னால்தான் விழுகிறது. என் அலுவலகத்தில் கொலம்பஸ்காரர் ஒருவர் இருக்கிறார். அதே காட்சி, அதே திரை. அவருக்கு ஒவ்வொரு தடவையும் பந்து கோட்டைத் தொடுகிறது. அவர் பொய் சொல்கிற ஆளில்லை, நானும்தான். 1951இல் பிரின்ஸ்டனும் டார்ட்மவுத்தும் ஆடிய முரட்டு ஆட்டத்தின் படத்தை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டித் தவறுகளை எண்ணச் சொன்ன உளவியல் ஆய்வு ஒன்று இருக்கிறது. டார்ட்மவுத்தின் தவறுகளை பிரின்ஸ்டன் மாணவர்கள், டார்ட்மவுத் மாணவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எண்ணினார்கள்.

சரி, அந்த ஆட்டம் நடந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை மிச்சிகன் மாநிலத் தேர்தல் முடிவை அதிகாரபூர்வமாக உறுதி செய்தார்கள். டிரம்ப் 10,704 வாக்கில் ஜெயித்திருந்தார். மறுபடி எண்ணச் சொல்லி ஒரு மனு. எண்ணத் தொடங்கி, நீதிமன்றத்தில் நின்றுபோனது. நான் மதிய உணவு மேசையில் உரக்கச் சொன்னேன்: "எண்ணிப் பார்த்தால் என்ன? மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமெதற்கு?" கொலம்பஸ்காரர் சொன்னார்: "முடிந்தது முடிந்ததுதான். தோற்றால் ஒத்துக்கொள்ளப் பழக வேண்டும்."

நான்கு வருடம் கழித்து பைடன் இங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேலான வாக்கில் ஜெயித்தார். அதே மேசை இல்லை, கொரோனா, வீடியோ அழைப்பு. "எண்ணிப் பார்த்தால் என்ன?" என்றார் அவர். "முடிந்தது முடிந்ததுதான்" என்றேன் நான். வரிக்கு வரி இடம் மாறியிருந்தோம்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். 2021 ஜூனில், குடியரசுக் கட்சியின் கையிலிருந்த மாநில செனட்டின் குழுவே விசாரித்து, பரவலான முறைகேட்டுக்கு ஆதாரமில்லை என்று அறிக்கை கொடுத்தது. நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஆனால் அந்த அறிக்கைக்கு ஏழு மாதம் முன்பே, ஒரு தாளைக்கூடப் புரட்டாமல் சொல்லிவிட்டேனே. சட்டை சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். நம்மூர்க் கரை வேட்டியைக் கிண்டலடித்துக் கட்டுரை எழுதுகிறவன் நான்.

இதைவிடக் கேவலமும் உண்டு. 2023இல் எங்கள் அணி ஊழியர் ஒருவர் எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி, அவர்களுடைய கோச்கள் வீரர்களுக்குக் காட்டும் சைகைகளைப் படம்பிடிக்க வைத்தது வெளிவந்தது. வருங்கால எதிரியை நேரில் போய் வேவு பார்ப்பது விதிப்படி குற்றம். அந்தப் பருவத்தில்தான் பதினைந்துக்குப் பதினைந்தும் ஜெயித்து, 2024 ஜனவரியில் சாம்பியன் ஆனோம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லோரும்தான் செய்கிறார்கள்." அப்புறம், "இதைத் தோண்டுகிறவன் யாரென்று முதலில் பாருங்கள்." 2025 ஆகஸ்டில் பல கோடி டாலர் அபராதம் வந்தபோது, "பட்டத்தைப் பறிக்கவில்லையே" என்று ஆறுதல். எந்தக் கட்சியின் டிவி பேச்சாளரும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க முடியாது.

நீங்கள் "இருபது வயதுப் பையன்கள்" என்றதும் உறுத்தியது. 2025இல்தான் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆனது. அதுவரை பல்கலைக்கழகத்திலிருந்து கோச்சுக்குக் கோடிகள், அவர்களுக்குப் பெரும்பாலும் உதவித்தொகையோடு சரி. பத்தொன்பது வருடம் டிக்கெட் வாங்கிய நான் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே பல்கலைக்கழகத்தை நடத்தும் எட்டு ரீஜெண்டுகளை மாநில மக்களே கட்சிச் சின்னத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். கோச்சின் சம்பளமும் கடைசியில் அவர்கள் பொறுப்புதான். 2020இல் முதல்முறை வாக்களித்தபோது, மேலே ஒரே வட்டத்தைக் கறுப்பாக்கினேன். கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் மொத்தமாகப் போய்விடும். எங்கள் மூன்றாவது குவார்ட்டர்பேக் எந்த ஊர்ப் பையன், பள்ளியில் எத்தனை டச் டவுன் எறிந்தான் என்று சொல்வேன். எட்டு ரீஜெண்டுகளில் மூன்று பேர் பெயர் சொல்லத் திணறுவேன். அந்த அக்கறையில் பாதியை அங்கே காட்டியிருக்கலாம். காட்டியது சட்டையை மட்டும்தான்.

அதற்காக விட்டுவிடுவீர்களா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள். விட மாட்டேன். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மறுபடி ஓஹாயோ ஸ்டேட். எங்களுக்கு நண்பகல், உங்களுக்கு இரவு பத்தரை. தூக்கம் வராவிட்டால் பாருங்கள். கோட்டருகே ஏதாவது தகராறு வந்தால், பந்து எங்கே விழுந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். உங்களிடம் சட்டை இல்லை.