எட்டாம் நாள் தடிப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காய்ச்சலுக்கு ஓர் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டேன். எட்டாம் நாள் மார்பிலும் முதுகிலும் செந்தடிப்புகள் பரவின. மருந்து ஒவ்வாமை என்று கூறி மருத்துவர் அதை நிறுத்திவிட்டார். ஏழு நாட்கள் ஒத்துக்கொண்ட மருந்து எட்டாம் நாள் எப்படி ஒவ்வாமல் போகும்? என் நோய் எதிர்ப்புச் சக்தி அளவுமீறிப் பெருகிவிட்டதா? அதைக் குறைக்க உணவுமுறை உண்டா? மாத்திரையின் பெயர் நினைவில்லை. வெள்ளையாக, நீளமாக இருந்தது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உடல் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தோலில் தங்கிவிடும் நினைவைப் பற்றிச் சில காலமாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்; தங்கள் கடைசி வரி அதைக் கிளறிவிட்டது.

உணவுமுறைக்கும் இதற்கும் தொடர்பில்லை, அதை விட்டுவிடுவோம். சக்தி பெருகியதால் வந்தது என்பதும் சரியன்று. எச்.ஐ.வி. தொற்றால் டி செல்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை, குறைந்துபோனவர்களுக்கே சல்ஃபா என்னும் ஆன்டிபயாடிக் வகை மருந்துகளால் தோல் தடிப்பு மற்றவர்களைவிட மிகுதியாக வருகிறது.

விழுங்கிய சிறிது நேரத்திலேயே எழும் அரிப்புத் தடிப்பு, பெரும்பாலும் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள், அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுவதால் வருவது. தங்களுடையது டி செல்களின் வேலையாகத் தோன்றுகிறது. மருந்தின் மூலக்கூறு மிகச் சிறியது. பென்சிலின் போன்றவை நம் உடலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பின்னரே அந்நியமாகத் தென்படுகின்றன. அதை இனங்காணும் டி செல்கள் தொடக்கத்தில் மிகச் சிலவே. அவை நிணநீர் முடிச்சுகளில் பெருகித் தோலுக்கு வந்துசேர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். தாங்கள் ஒத்துக்கொண்டதாக எண்ணிய ஏழு நாட்களிலும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. அவற்றில் ஒரு பகுதி நினைவுச் செல்களாக நிலைத்துவிடுவதால், மறுமுறை ஓரிரு நாட்களிலேயே தடிப்பு எழக்கூடும்.

என் தாயாரின் மணிக்கட்டில் கருமையான வட்டத் திட்டு ஒன்று இருந்தது. அவ்வப்போது அது சிவந்து எரியும், பூச்சி கடித்ததென்பார். தலைவலிக்கு அவர் விழுங்கிய மாத்திரைக்கும் அதற்கும் உள்ள உறவை, வெகுகாலம் கழித்து ஒரு தோல் மருத்துவர்தான் கேட்டுக் கேட்டுக் கண்டறிந்தார். இத்தகைய திட்டின் மேல்தோலில் சிடி8 என்னும், பிற செல்களைக் கொல்லும் வகை டி செல்கள் இரத்தத்தில் உலவாமல் நிலையாகக் குடியிருக்கின்றன. வைரஸ் மீண்டும் வந்தால் தடுப்பதற்காகத் தோலில் தங்கும் செல்களின் இனம் அவை. மருந்து உள்ளே போன சில மணி நேரத்தில் விழித்துக்கொண்டு, அருகிலுள்ள தோல் செல்களையே கொல்கின்றன. சிதைந்த செல்களின் நிறமி உள்தோலில் இறங்கித் திட்டாக நிற்கிறது. அம்மாவுக்கு அது கடைசிவரை "அந்த மஞ்சள் மாத்திரை"தான். பெயரைக் கேட்டுக்கொள்ள அவருக்குத் தோன்றவே இல்லை.

அவருக்குப் படிப்பில்லை. தங்களுக்கு என்ன குறை? இவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதுகிறவர் மருந்துச் சீட்டைத் தொலைக்கலாமா? வெள்ளையாக, நீளமாக இருக்கும் மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றன. அதே மருந்து வேறொரு நிறுவனத்தின் பெயரில், வேறு நிறத்தில் மறுபடி தங்கள் கைக்கு வரும். தாங்கள் அறியமாட்டீர்கள், டி செல்கள் அறிந்துகொள்ளும். அரிதாகவே நேர்ந்தாலும், இதே சிடி8 செல்கள் கட்டவிழ்ந்தால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயில் தோலே உரிந்துவிடுகிறது. அந்நோயாளிகளின் கொப்புள நீரில் கிரானுலைசின் என்னும் கொல்லும் புரதம் நிறைந்திருப்பதை 2008இல் கண்டறிந்தார்கள். தடிப்போடு வாயிலோ கண்ணிலோ புண், கொப்புளம், தோல் வலி தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மறுபுறம், பெயர் தெரியாதவருக்கு எல்லா ஆன்டிபயாடிக்கையும் மறுக்கும் நிலையும் வரும். வைரஸ் காய்ச்சலே தடிப்பைத் தருவதுண்டு. பென்சிலின் ஆகாது என்று குறிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர், முறையாகச் சோதித்தால் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் பெயரே இல்லாதபோது எதைச் சோதிப்பது?

மருத்துவரிடம் போய்ப் பழைய சீட்டின் நகலைக் கேளுங்கள். வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும், தொடங்கிய நாளையும், தடிப்பு தோன்றிய நாளையும் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியபின் எனக்கும் ஒரு வரி அனுப்புங்கள்.