கடல் தொட்டிக்கு ஒரு திண்ணை

கடல்மீன் தொட்டியின் விளிம்பில் மாட்டி, நீரிலுள்ள கழிவை உறிஞ்சும் பாசியை வளர்க்கும் ரெஃப்யூஜியம் பெட்டி பற்றி வந்த கேள்விகளில் பாதி வடசென்னையிலிருந்து. வியப்பில்லை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர் யார்?

இரண்டடித் தொட்டி, 70 லிட்டர், கோமாளி மீன் இரண்டு. பெட்டியை மாட்டினால் கண்ணாடி தாங்குமா? (பெரம்பூர்)

8 லிட்டர் பெட்டியில் நீர், மணல், கல் எல்லாம் சேர்ந்தால் பத்துக் கிலோவைத் தாண்டும். அத்தனையும் ஒரே விளிம்பில் தொங்கும். 5 மி.மீ. கண்ணாடியில் நான் மாட்ட மாட்டேன். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டிக்கு அடியில் ஸ்டாண்டிலிருந்து ஒரு முட்டுக் கொடுங்கள். மணலைத் தவிர்த்துவிடுங்கள்; பெட்டியில் வளர்க்கும் சீட்டோமார்பா பாசிக்கு வேர் கிடையாது.

மின்சாரம் போனால் வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (வியாசர்பாடி)

இந்தப் பயம் கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது. தொட்டிக்குள் இருக்கும் பம்ப் நீரைப் பெட்டிக்கு ஏற்றுகிறது. நிரம்பிய நீர் சீப்புப் பல் போன்ற வாய் வழியாகத் தானே திரும்பி விழுகிறது. பம்ப் நின்றால் குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கலாம். ஆனால் பெட்டியின் நீர்மட்டம் தொட்டியைவிடச் சில செ.மீ.தான் உயரம். இரண்டும் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். குழாய் முனையை நீருக்கு மேலே வைத்தால் அதுவும் இல்லை.

வில்லங்கம் மின்சாரம் இருக்கும்போதுதான். சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்தில் ஒருநாள் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். "உங்க கடல் எங்க வீட்டுக் கூரையிலிருந்து சொட்டுகிறது" என்றார். ஒரு கைப்பிடிப் பாசி சீப்புப் பற்களில் சுற்றிக்கொள்ள, பெட்டி விளிம்பு வழிந்து, தொட்டியின் அடியில் கிடந்த பம்ப் சளைக்காமல் இறைத்துத் தள்ளியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நீரில் மீன்கள் பக்கவாட்டில் நீந்திக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து பம்பின் உறிஞ்சும் வாயை நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழேதான் வைக்கிறேன். அடைப்பு ஏற்பட்டாலும், இரண்டடித் தொட்டியின் பரப்புக்கு ஐந்து லிட்டர் சொச்சம் போனதும் காற்றை உறிஞ்சி ஓய்ந்துவிடும். ஒரே நிபந்தனை, ஆவியாகும் அளவுக்கு நல்ல நீரைத் தினமும் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை, எனவே உப்புநீர் ஊற்றாதீர்கள்.

பாசிக்குப் பதில் வேலம்பாசி போடலாமா? (தண்டையார்பேட்டை)

கூடாது. அது நன்னீர்ச் செடி, உப்பில் அழுகிவிடும்.

இரண்டு மாதமாகப் பாசி செழிப்பாக இருக்கிறது. நைட்ரேட் மட்டும் 40 பிபிஎம்மிலிருந்து இறங்கவில்லை. (கொளத்தூர்)

எத்தனை முறை அறுவடை செய்தீர்கள்? கேள்வியில் அந்தப் பேச்சே இல்லை. மீன் தீனியிலிருந்து வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியின் உடம்பில் சேர்கின்றன. பெட்டி நிரம்பி இண்டு இடுக்கில்லாமல் நெருங்கிவிட்டால் உள்ளே இருப்பது வெளிச்சமின்றி வெளுத்து அழுகும். உண்டதையெல்லாம் நீரிலேயே கக்கிவிடும். கையை விட்டுப் பாருங்கள்: மேலே பாத்திரம் தேய்க்கும் நார் போல மொரமொரப்பாகவும், நடுவில் கொழகொழவென்றும் இருந்தால் அதுதான் காரணம். மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்து எறியுங்கள். முருங்கை மாதிரிதான், ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும்.

தொட்டி விளக்கு அணைந்த பிறகு பெட்டி விளக்கு எரியட்டும். இரவில் கரியமில வாயு கூடி பிஎச் இறங்குவதை அது குறைக்கும். இத்தனைக்குப் பிறகும் வாரம் ஒருமுறை பத்து சதவீத நீரை மாற்றத்தான் வேண்டும். பெட்டியை விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

காசிமேட்டில் வீடு. கடல்நீரையே ஊற்றினால் என்ன?

துறைமுகத்து நீரில் படகு டீசல் மிதக்கிறது. வடக்கே எண்ணூர்ப் பக்கம் 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் கலந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பும் நீர்த்துவிடும். ஆர்ஓ நீரில் கடல் தொட்டிக்கென விற்கும் உப்புத்தூளைக் கரைத்து, அடர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள். கரிப்பாக இருக்கிறதே என்று போர்வெல் நீரில் கரைக்கும் குறுக்குவழியும் வேண்டாம்.

பெட்டியில் வெள்ளைப் பூச்சிகள் ஊர்கின்றன. மாண்டரின் மீன் வாங்கலாமா? (ராயபுரம்)

அவை கோபிபாடுகள், நல்ல சகுனம். ரெஃப்யூஜியம் என்ற பெயருக்கே அடைக்கலம் என்றுதான் பொருள். மீன் வாய்க்குத் தப்பி அவை பெருகும் இடம் அது. ஆனால் மாண்டரின் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும் மீன். 8 லிட்டர் பெட்டி விளைவிப்பதைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிட்டு, வயிறு ஒட்டிக் கிடக்கும். அந்தப் பணத்துக்கு இரண்டு துப்புரவு இறால் வாங்குங்கள்.