டிராஃபியை வைத்து என்ன செய்வது?

கேள்வி: வீடியோ கேமில் கதை முடிந்த பிறகும் 'டிராஃபி' வேண்டும் என்று என் மகன் ஆடிக்கொண்டே இருக்கிறான். அதனால் என்ன பயன்?

பதில்: டிராஃபி என்பது கேமில் ஒரு குறிப்பிட்ட சவாலை முடித்தால் திரையில் கிடைக்கும் பதக்கம். கடையில் கொடுத்தால் ஒரு மிட்டாய்கூடத் தர மாட்டார்கள்! ஆனால் பழக்கம் பழசு. 1980களின் தொடக்கத்திலேயே ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனம், குறிப்பிட்ட ஸ்கோரைத் தொட்டவர்கள் டிவி திரையைப் போட்டோ எடுத்துத் தபாலில் போட்டால், சட்டையில் தைத்துக்கொள்ளத் துணி பேட்ஜ் அனுப்பியது. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கருவி வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதை எல்லா கேம்களுக்கும் பொதுவான புள்ளிக் கணக்காக்கியது, 2008-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கு டிராஃபிகள் வந்தன. கேமில் யாரையும் கொல்லாமல் ஒரு கட்டத்தைக் கடப்பது மாதிரியான டிராஃபிகள் நமக்குத் தோன்றாத ஆட்டமுறையைக் காட்டும், நல்லதுதான். மூலைமூலையாக நூறு இறகு பொறுக்கச் சொல்வதெல்லாம், என்னைக் கேட்டால், வெறும் நேரக்கொல்லி. அப்புறம், எத்தனை சதவீதம் பேர் எதுவரை ஆடினார்கள் என்பதும் தயாரிப்பாளர்களுக்கு இதில் தெரிந்துவிடும்.