நண்பர் கையில் முதலைத் தாடை: வழக்குப் போடும் முன்

கேள்வி: ஃபுளோரிடாவில் 9 வருடமாக எச்1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறேன். மூன்று குளிர்காலமாக நானும் என் நண்பரும் ஆர்கேடியாவுக்கு மேலே பீஸ் ஆற்றில் மண்வெட்டியும் சல்லடையுமாக ஃபாசில் (கல்லாகிப்போன பழைய எலும்பு, பல்) தேடுகிறோம். முதல் வருடம் நான் ஃபாசில் எடுப்பதற்கான மாநிலப் பெர்மிட் எடுத்தேன், பிறகு புதுப்பிக்கவில்லை. அவர் எடுக்கவே இல்லை. போன பிப்ரவரியில் இடுப்பளவு தண்ணீரில் சரளைக்கு அடியில் நீள மூக்கு முதலையின் கீழ்த்தாடை பற்களோடு கிடைத்தது. கூடவே ராட்சத ஆமை ஓட்டுத் துண்டுகள், அலிகேட்டரின் முதுகுத் தகடுகள். கண்டெடுத்தது நான். சுத்தம் செய்ய அவர் கராஜில் வைத்தேன். இப்போது தர மறுத்து, தாடையை 6,500 டாலருக்கு இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். கார் என்னுடையது, படகு என்னுடையது, பெட்ரோல் செலவும் என்னுடையது. இரண்டு வீட்டுக் குழந்தைகளும் ஒன்றாக வளர்ந்தவர்கள், என் மனைவி அழுதே விட்டாள். "தராவிட்டால் மியூசியத்திலும் போலீஸிலும் சொல்லிவிடுவேன்" என்று அவருக்கு எழுதலாமா? ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை நீதிமன்றத்தில்) வழக்குப் போட்டால் ஜெயிப்பேனா? அன்று அதே குழியில் ஒரு கல் அம்பு முனையும் கிடைத்தது, அது என்னிடம் இருக்கிறது.

பதில்: அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள். வழக்கும் போடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

காரும் பெட்ரோலும் நட்பும் யார் முதலில் கண்டார் என்பதும் இந்த விஷயத்தில் எதையும் தீர்மானிக்காது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: தாடை கிடந்த மண் யாருடையது? இடுப்பளவு தண்ணீரில் ஆற்றுப் படுகையைத் தோண்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படகு ஓடக்கூடிய ஆறுகளின் படுகை, வழக்கமான உயர்நீர்க் கோடு வரைக்கும், 1845-ல் ஃபுளோரிடா மாநிலமான நாளிலிருந்து மாநிலத்தின் சொத்து. பழைய சதுப்பு நிலப் பட்டாக்களைக் காட்டிப் படுகை தங்களுடையது என்று பாஸ்பேட் கம்பெனிகள் வாதாடின. 1986-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, அந்த வழக்கே பீஸ் ஆற்றைப் பற்றியதுதான். மாநில நிலத்தில், நீருக்கடியிலும்கூட, கிடைக்கும் முதுகெலும்புள்ள உயிரினங்களின் ஃபாசில் மாநிலத்துக்குச் சொந்தம் என்றும் அந்த உரிமை ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் இருக்கிறது என்றும் சட்டம் சொல்கிறது. சுறாப் பல்லுக்குப் பெர்மிட் வேண்டாம். முதலைக்கும் ஆமைக்கும் அந்தச் சலுகை இல்லை.

பெர்மிட்டோடு எடுத்து, கிடைத்ததைப் பட்டியலிட்டு அந்தப் பட்டியலை அருங்காட்சியகத்துக்கு அனுப்பி, 60 நாளுக்குள் அவர்கள் கேட்காவிட்டால் அது உங்களுடையதாகும். வருடத்துக்கு 5 டாலர் செலவாகும் வேலை அது. போன பிப்ரவரியில் உங்கள் இருவர் கையிலும் செல்லுபடியாகும் பெர்மிட் இல்லை. ஆகவே தாடை உங்களுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. பெர்மிட் இல்லாமல் தோண்டியதற்கு பிரிவு 1004.576-ன்படி 500 டாலர் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். எடுத்த பொருளும் அது சம்பந்தமான போட்டோ, குறிப்பு எல்லாமும் பறிமுதலாகும். வாங்குவதும் விற்பதும் அதே பிரிவில் தடை என்பதால் நண்பரின் விற்பனை விளம்பரம் அவர் தலையில் தொங்கும் தனிக் கத்தி. முதல் வருடம் கிடைத்தவை வேறு கணக்கு. அந்த வருடத்துப் பட்டியலை அனுப்பினீர்களா என்று தேடிப் பாருங்கள்.

இனி, இந்த மாதிரி நேரத்தில் ஆட்கள் எங்கே விழுகிறார்கள் என்பதற்கு வருகிறேன்.

நீங்கள் எழுத நினைக்கும் அந்த ஒரு வரிதான் முதல் பள்ளம். "பொருளைக் கொடு, இல்லாவிட்டால் உன் குற்றத்தைச் சொல்லிவிடுவேன்" என்பது ஃபுளோரிடாவில் பிரிவு 836.05-ன்படி மிரட்டிப் பறித்தல். இரண்டாம் நிலை ஃபெலனி, அதாவது கடுங்குற்றம், 15 வருடம் வரை சிறை. அவர் உண்மையிலேயே குற்றம் செய்திருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. சட்டம் பார்ப்பது புகார் உண்மையா என்பதை அல்ல, புகாரைக் காட்டிப் பொருளைக் கறக்கப் பார்த்தீர்களா என்பதை. பெர்மிட் இல்லாத தோண்டலுக்கு அதிகபட்சம் 6 மாதம், ஒரு வாட்ஸ்அப் செய்திக்கு 15 வருடம். கோபத்தில் ராத்திரி 11 மணிக்கு அனுப்பிவிட்டு காலையில் அழித்தாலும் அவர் போனில் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். ஏற்கெனவே அப்படி ஏதாவது அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள், விளக்கம் சொல்லி இன்னொரு செய்தியும் அனுப்பாதீர்கள். முதலில் கிரிமினல் வக்கீலிடம் காட்டுங்கள்.

அடுத்தது நீதிமன்றம். 6,500 டாலர் என்பதால் 8,000 வரையிலான ஸ்மால் கிளெய்ம்ஸுக்குள் அடங்கும், சுலபம் என்று நினைக்கிறீர்கள். பொருளையே திரும்பக் கேட்கும் ரிப்ளெவின் மனுவில், உங்களுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று எழுதியாக வேண்டும். பிரிவு 78.055 அதைக் கேட்கிறது. பணமாகக் கேட்டாலும் விசாரணை நாளில் நீதிபதி அதையேதான் கேட்பார். உண்மையைச் சொன்னால், பெர்மிட் இல்லாமல் ஆற்றுப் படுகையில் தோண்டினேன் என்று சத்தியம் செய்து ஒப்புக்கொள்கிறீர்கள். தனியார் கரையில் கிடைத்தது என்று மாற்றிச் சொன்னால் பொய்ச் சாட்சி, மூன்றாம் நிலை ஃபெலனி. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்னும் ஐந்தாவது அரசியல் சட்டத் திருத்தத்தைக் காட்டி வாய் திறக்காமல் இருந்தால், வழக்குப் போட்டவரே பதில் சொல்ல மறுக்கிறார் என்று வழக்கே தள்ளுபடியாகலாம். பொருளை முன்பு கையில் வைத்திருந்தவருக்குப் பின்னால் வந்தவரைவிட உரிமை அதிகம் என்று ஒரு பழைய வாதம் உண்டு. பறிமுதலாக வேண்டியது என்று சட்டமே சொல்லும் பொருளுக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அம்பு முனையைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் பயம் அதில்தான். எலும்பு அருங்காட்சியகத்தின் கீழ் வருகிறது. மனிதன் செய்த பொருள் அத்தியாயம் 267-ன் கீழ் வரலாற்று வளத் துறைக்குப் போகிறது. தனியாகக் கிடைத்த கைவினைப் பொருளை அறிவித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த ஏற்பாடு 2005-லேயே நின்றுவிட்டது. ஃபாசில் பெர்மிட் அதற்குச் செல்லாது. மேலே கிடந்ததைக் கையால் எடுத்தால் முதல் நிலை மிஸ்டிமீனர், அதாவது சிறுகுற்றம். தோண்டி எடுத்தால் மூன்றாம் நிலை ஃபெலனி, 5 வருடம் வரை சிறை, அதற்குப் பயன்படுத்திய வண்டியும் உபகரணமும் பறிமுதலுக்கு உரியவை. நீங்கள் மண்வெட்டியால் எடுத்தீர்கள், காரும் படகும் உங்களுடையவை. செலவு என்னுடையது என்று நீங்கள் காட்டும் அந்தக் கணக்கே இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஆமையும் கருவியும் ஒரே குழியில் இருந்தன என்பதையும் லேசாக எடுக்காதீர்கள். சரசோட்டா கவுண்டியின் லிட்டில் சால்ட் ஸ்பிரிங்கில் ராட்சத ஆமை ஓட்டோடு கூரான மரக்கம்பு கிடைத்ததாக 1979-ல் வெளியான ஆய்வைப் பற்றி அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பீஸ் ஆற்றுச் சரளையில் பல பத்து லட்சம் ஆண்டு பழைய மயோசீன் முதலையும் பின்னால் வந்த பனியுகத்து பிளைஸ்டோசீன் ஆமையும் நேற்றைய பாட்டிலும் ஒன்றாகப் புரண்டு கிடக்கும். ஆகவே உங்கள் குழிக்கு அத்தனை அர்த்தம் இல்லாமல் போகலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அறிஞர்கள். அவர்களுக்கு இடமும் ஆழமும் தேதியும் வேண்டும். அந்தத் தகவல் போய்விட்டால் தாடை அலமாரியில் வைக்கும் அழகுப் பொருள், அவ்வளவுதான். எனக்கு அது வலிக்கிறது.

விசாவுக்கு வருகிறேன். ஃபுளோரிடா நீதிமன்றங்களில் முதல் முறை மாட்டியவருக்கு "அட்ஜுடிகேஷன் வித்ஹெல்ட்" என்று முடித்துவிடுவது சகஜம். நோ கான்டெஸ்ட் (குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை) என்று சொல்லுங்கள், தீர்ப்பு எழுத மாட்டார்கள், ரெக்கார்டில் தண்டனை இருக்காது என்று ஆறுதல் சொல்வார்கள். மாநிலச் சட்டத்தைப் பொறுத்தவரை அது சரி. குடியேற்றச் சட்டத்தின் பிரிவு 101(அ)(48) அப்படிப் பார்ப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டோ நோ கான்டெஸ்ட் சொல்லியோ, அதற்கு நீதிபதி ஏதாவது தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால் அது தண்டனைத் தீர்ப்புதான். நன்னடத்தைக் கண்காணிப்பும் அதில் அடங்கும். கிரீன் கார்டு மனுவில் கைதானதைப் பற்றித் தனியாகக் கேட்பார்கள். பிறர் சொத்தை எடுத்த குற்றம் என்று வந்தால், ஒழுக்கக்கேடான குற்றமா என்ற கேள்வி கூடவே வரும். ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தும் அபாயம் உண்டா என்பதை கிரிமினல் வக்கீல் சொல்லியாக வேண்டும் என்று 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரும் அதைப் பார்க்கட்டும். இரண்டு கட்டணம் ஆகும். தவறான ஒரு ஒப்புதல் 9 வருடக் காத்திருப்பைக் கொண்டுபோய்விடும்.

பயத்தில் செய்யக்கூடியவையும் உண்டு. எலும்புகளைத் திரும்ப ஆற்றில் போடுவது, போனில் போட்டோவை அழிப்பது, முதல் வருடப் பெர்மிட் தேதிக்குள் கிடைத்ததாகப் பட்டியலைத் திருத்துவது. விசாரணை வரப்போகிறது என்று தெரிந்தே ஆதாரத்தை அழித்தால் அது தனி ஃபெலனி. பொய்ப் பட்டியல் தனிக் குற்றம்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். நண்பருக்குத் தனி வக்கீல், உங்களுக்குத் தனி வக்கீல், ஏனென்றால் உங்கள் நலனும் அவர் நலனும் ஒன்றில்லை. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை குறைவு: விற்பனை நிற்கிறது, தாடையும் ஆமை ஓடும் தகடுகளும் இருந்தபடியே பத்திரமாக இருக்கும், இருவர் வக்கீல்கள் மூலமாக கெயின்ஸ்வில்லில் இருக்கும் அந்த ஃபுளோரிடா அருங்காட்சியகத்துக்கு இட விவரத்தோடு போகும், ஒருவர் மற்றவருக்குப் பணம் தருவதில்லை. "போலீஸில் சொல்ல மாட்டேன்" என்ற வரி அதில் வரவே கூடாது. ஃபெலனியை மறைக்க ஆதாயம் பெற்றதாக அதைப் படிக்க இடம் உண்டு. அம்பு முனை இந்த ஒப்பந்தத்துக்குள் வராது, அது உங்களுக்கும் உங்கள் கிரிமினல் வக்கீலுக்கும் இடையிலான வேலை. 6,500 டாலரை மறந்துவிடுங்கள். அந்தப் பணம் உங்களுக்கு ஒருநாளும் வரவேண்டியதாக இருக்கவில்லை.

கராஜில் இருப்பதைப் பற்றி அவர் வக்கீலுக்கு உங்கள் வக்கீல் ஒரு வரி எழுதட்டும். ஆற்றிலிருந்து வந்த எலும்பு வெயிலில் வேகமாகக் காய்ந்தால் விரியும், பற்கள் குழியிலிருந்து கழன்று விழும். நிழலில் மெதுவாகக் காய வேண்டும். சூப்பர் குளூ தொடக்கூடாது.

பட்டியல் எழுதும் முன் ஒவ்வொரு துண்டும் ஃபாசில்தானா என்று ஆமை, முதலை தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பீஸ் ஆற்றின் தேநீர் நிறத் தண்ணீரில் இந்தக் காலத்து எலும்பும் கறுத்துப்போகும். கல்லானது கனமாக இருக்கும், தட்டினால் பீங்கான்போல் ஒலிக்கும். புதியது லேசாக இருக்கும், உடைந்த துணுக்கில் நெருப்பு வைத்தால் முடி கருகும் வாசனை வரும். குழி குழியாக இருப்பதெல்லாம் அலிகேட்டர் தகடு என்று எழுதிவிடாதீர்கள், மென்னோட்டு ஆமையின் ஓடும் அப்படித்தான் இருக்கும். அலிகேட்டர் தகட்டின் நடுவில் பெரும்பாலும் ஒரு மேடு ஓடும். இன்றைய கோஃபர் ஆமையின் எலும்போ அமெரிக்க முதலையின் எலும்போ அதில் கலந்திருந்தால் வனவிலங்குச் சட்டம் தனியாக வரும்.

அம்பு முனையை அது இருக்கும் இடத்திலேயே விடுங்கள். யாருக்கும் போட்டோ அனுப்ப வேண்டாம். இந்த வாரத்துக்குள் கிரிமினல் வக்கீலைப் பாருங்கள்.